சனிக்கிழமை, ஒன்பது முதல் பத்தரை

அந்தத் தீவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த சனிக்கிழமையே உங்களில் அரைவாசிப் பேர் சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு காரில் ஏறிவிடுவீர்கள். எங்கள் சனத்தை எனக்குத் தெரியாதா? டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஒரு சின்னத் தீவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் வற்றும்போது மூன்று கிலோமீற்றர் ஈரமணலில் நடந்து அங்கே போகலாம். கடல் திரும்பப் பெருகுமுன் நடந்து வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் விதி. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். யோகமலருக்கும் விளங்கத்தான் செய்தது, ஆனால் அவளிடம் வேறொரு விதியும் இருந்தது.

யோகமலருக்கு ஐம்பத்தாறு வயது. பிரெடெரிசியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறாள். எண்பது கிலோ டேனிஷ்காரக் கிழவரைத் தனியாளாகக் கட்டிலில் புரட்டிப் படுக்கவைக்கிற கைகள் அவளுடையவை. பயப்படுவதில் மட்டும் அவளை வெல்ல ஆளில்லை. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். மகள் சாரங்கி சில்க்போர்க்கிலிருந்து கார் ஓட்டி வருகிறாள் என்றால், அவள் வந்து சேரும்வரை யோகமலருக்குத் தேநீர் தொண்டைக்குள் இறங்காது. ராகுகாலம் பார்க்காமல் அவள் ஒரு புதுப் பாத்திரத்தைக்கூட அடுப்பில் வைத்ததில்லை.

கணவர் நித்தியானந்தன் நேர்மாறு. தொழிற்சாலையில் இருபத்து நான்கு வருடம் நின்று நின்று வலது முழங்கால் தேய்ந்து, மாசி மாதம்தான் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். வாயில் கடுஞ்சொல் வராது. வீட்டில் என்ன பிரச்சினை என்றாலும் "உங்கடை விருப்பம்" என்பார், அதோடு கதை முடிந்துவிடும். காலுக்கு நடை நல்லது என்று வைத்தியர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சாரங்கிதான் இந்தத் தீவுப் பயணத்தை ஒழுங்கு செய்தாள். சில்க்போர்க்கில் அலுவலக வேலை, இருபத்தைந்து வயது, எதற்கும் ஒரு அட்டவணை போடுகிற பிள்ளை.

ஓகஸ்ட் மாதத்து முதல் சனிக்கிழமை, ஒன்பது பத்துக்கு அவர்கள் கடற்கரைக் கார் தரிப்பிடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

"அம்மா, பன்ரண்டு மணிக்குக் கடல் நல்லா வத்தும்," என்று சாரங்கி விளக்கினாள். "ஒன்பதரைக்கு இறங்கினால் பத்தே முக்காலுக்குத் தீவு. ஒரு சுத்துச் சுத்திப்போட்டு ஒரு மணிக்குத் திரும்புறம். ரெண்டரைக்குப் பிறகு ஒருத்தரும் மணலிலை நிக்கக் கூடாது."

பக்கத்தில் நின்ற பலகையிலும் அதேதான் எழுதியிருந்தது. இருபது பேர் கொண்ட ஒரு கூட்டம் சப்பாத்துகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றது. சிவப்பு மழையங்கி போட்ட வழிகாட்டிப் பெண் கிட்ட வந்து, எங்களோடு சேர்ந்து நடவுங்கள் என்று அன்பாகக் கூப்பிட்டாள்.

யோகமலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இண்டைக்குச் சனி," என்றாள்.

"அதுக்கென்ன?"

"ஒன்பதிலையிருந்து பத்தரை ராகுகாலம். அது கழியட்டும், இறங்குவம்."

சாரங்கி வாயைப் பிளந்தாள். "அம்மா! வீட்டிலையிருந்து வெளிக்கிட்டது ஏழரைக்கு. பயணம் அப்பவே தொடங்கிட்டுதெல்லே?"

"காரிலை வாறது வேறை, கடலிலை கால் வைக்கிறது வேறை. கனக்கக் கதையாதை."

கோபம் வந்தால் சாரங்கிக்குத் தமிழ் போதாது, டேனிஷுக்குத் தாவிவிடுவாள். கடல் உங்கள் நாட்காட்டியைப் பார்த்து வற்றுவதில்லை என்பதுதான் அவள் பொரிந்து தள்ளியதன் சாரம். கடைசியில் தகப்பன் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்களாவது சொல்லுங்கோவன்!"

நித்தியானந்தன் தேநீர்க் குடுவையைத் திறந்துகொண்டிருந்தார். "ஒரு மணித்தியாலம்தானே பிள்ளை. அம்மான்ரை மனம் நிம்மதியா இருந்தால் எங்களுக்கும் நிம்மதி," என்றார். வழிகாட்டிப் பெண் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் கூட்டத்தோடு மணலில் இறங்கினாள்.

சிரிக்காதீர்கள். யோகமலருடைய பயம் சும்மா வந்த பயமல்ல. ஊரில் யுத்தகாலம், அவளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, அண்ணன் தவராஜா ஒரு சனிக்கிழமை ஒன்பதே காலுக்கு மண்ணெண்ணெய் வாங்கச் சாவகச்சேரிக்குச் சைக்கிளில் புறப்பட்டான். பத்தரை கழியட்டும் என்று தாய் மறித்தாள். அவன் சிரித்துவிட்டுப் போனான். சைக்கிளை மூன்றாம் நாள் ஒரு வேலியோரம் கண்டெடுத்தார்கள், அவனைக் கண்டெடுக்கவில்லை. அதற்குப் பிறகு யோகமலரிடம் விஞ்ஞானம் பேச யாருக்கு வாய் வரும்?

சரியாகப் பத்து முப்பத்திரண்டுக்கு அவர்கள் இறங்கினார்கள். போன வழியைக் குறை சொல்ல முடியாது. வழி தெரிய நூறு அடிக்கு ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். மணல் குளிர்ந்து, உள்ளங்காலுக்கு இதமாக இருந்தது. முக்கால்வாசி வழியில் ஒரு ஓடை குறுக்கிட்டது. கணுக்காலுக்குச் சற்று மேல் தண்ணீர், பளிங்கு போலத் தெளிவு. நித்தியானந்தன் சின்னப் பிள்ளை மாதிரி அதில் காலை அளைந்தார். அவருடைய முழங்காலுக்குத் தக்கபடி நடந்ததில் தீவில் ஏறும்போது பன்னிரண்டு மணியாகிவிட்டது.

தீவில் ஒரு பூட்டிய வீடு, கொஞ்சம் புல், மணல்மேடு, எண்ணிக்கையில்லாத பறவைகள். ஆட்கள் யாரும் குடியில்லை. ஒற்றையடிப் பாதையால் பாதித் தீவைச் சுற்றி வந்து, மேட்டின் மேல் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தார்கள். விடிய நாலு மணிக்கு எழுந்து யோகமலர் கிண்டிய புளிச்சாதமும் கத்தரிக்காய்ப் பொரியலும். மேட்டிலிருந்து பார்த்தபோது, தூரத்தில் அந்த வழிகாட்டியின் கூட்டம் கரையை நோக்கித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

சாரங்கி கோபம் ஆறி, போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்தாள்.

"அம்மா, ராகுகாலம் எப்பிடிக் கணக்குப் பாக்கிறது தெரியுமோ? சூரியன் உதிக்கிறதிலையிருந்து படுகிற வரைக்கும் எட்டாப் பிரிக்கிறது. சனிக்கிழமைக்கு மூண்டாம் பங்கு. ஊரிலை ஆறு மணிக்கு உதிச்சு ஆறு மணிக்குப் படும், அதாலை ஒன்பது தொடக்கம் பத்தரை. இஞ்சை இண்டைக்குச் சூரியன் உதிச்சது ஐஞ்சு நாப்பதுக்கு. படுறது இரவு ஒன்பது இருபதுக்கு."

"அதுக்கு?"

"இஞ்சத்தை ராகுகாலம் ஒன்பது முப்பத்தைஞ்சிலையிருந்து பதினொண்டரை வரைக்கும். அந்த ஆக்களோடை ஒன்பதரைக்கு இறங்கியிருந்தால் ராகுவுக்கு முன்னமே இறங்கியிருப்பம். நீங்கள் காத்திருந்து காத்திருந்து, சரியா நடு ராகுவிலை எங்களைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறியள்!"

நித்தியானந்தன்கூட வாய்விட்டுச் சிரித்துவிட்டார். யோகமலர் சிரிக்கவில்லை. கையில் பிடித்திருந்த சோற்றுக் கவளம் அப்படியே நின்றது. முப்பது வருடம் இந்த நாட்டில் அவள் பார்த்துப் பார்த்து வைத்த நல்ல நேரமெல்லாம் வேறொரு நாட்டுச் சூரியனுடையதா?  "எழும்புங்கோ, போவம்," என்றாள். "இப்பவே போவம்."

பதறிய காரியம் எங்கே சிதறாமல் இருந்தது? மேட்டிலிருந்து அவசரமாக இறங்கும்போது நித்தியானந்தனுடைய கால் ஒரு முயல் பொந்துக்குள் இறங்கி முறுகியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றுமில்லை என்றார். ஐந்து நிமிடத்தில் முழங்கால் வீங்கத் தொடங்கிவிட்டது. தீவின் விளிம்புக்கு நொண்டி நொண்டி வந்து சேரும்போது ஒன்று ஐம்பது.

அங்கேதான் அவர்கள் நின்று யோசித்திருக்க வேண்டும். தீவிலேயே தங்கிப் போன் அடித்திருக்க வேண்டும். இப்போது சொல்வது சுலபம். ரெண்டரை வரை நேரமிருக்கிறது, நாற்பது நிமிடத்தில் ஓடையைத் தாண்டிப் பாதித் தூரம் போய்விடலாம் என்று சாரங்கி கணக்குப் போட்டாள். மணலைப் பார்த்தால் காய்ந்துதான் கிடந்தது. யோகமலருக்கோ அந்தத் தீவில் ஒரு நிமிடமும் நிற்க மனமில்லை. நித்தியானந்தன் வழக்கம்போல, "உங்கடை விருப்பம்," என்றார். இறங்கிவிட்டார்கள்.

கடல் முன்னாலிருந்து அலையடித்துக்கொண்டு வரும் என்றுதான் யோகமலர் நினைத்திருந்தாள். அது அப்படி வரவில்லை. சத்தமே இல்லாமல் இரண்டு பக்கத்தாலும் வந்தது. காய்ந்து கிடந்த மணலில் முதலில் ஒரு மினுக்கம். பிறகு பார்த்தால் விரல்களுக்கிடையில் தண்ணீர். திரும்பிப் பார்த்தாள். வந்த வழியில் தங்கள் கால்தடங்களைக் காணவில்லை.

"கெதியா நடவுங்கோ," என்றாள் சாரங்கி. அவளுடைய குரல் மாறியிருந்தது.

"நடக்கிறன், நடக்கிறன்," என்றார் நித்தியானந்தன். அவரால் முடியவில்லை. ஒரு கையை மனைவியின் தோளிலும் மறுகையை மகளின் தோளிலும் போட்டு, வலது காலை இழுத்து இழுத்து வந்தார். ஓடைக்கு வந்தபோது ரெண்டு பதினைந்து. காலையில் அவர் காலை அளைந்து விளையாடிய தண்ணீர் இப்போது பழுப்பாக, நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. அகலம் இரண்டு மடங்கு.

"முதல்லை நானும் அம்மாவும் ஆழம் பாத்துக்கொண்டு அங்காலை போறம்," என்றாள் சாரங்கி. "பிறகு நான் திரும்பி வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போறன். அந்தக் கம்பத்தைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ அப்பா."

தண்ணீர் தொடைக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, நடுவில் யோகமலருடைய நெஞ்சைத் தொட்டது. அவளுக்கு நீச்சல் தெரியாது. நித்தியானந்தனுக்கும் தெரியாது. இங்கே பிறந்து பள்ளிக்கூடத்தில் பழகிய சாரங்கிக்கு மட்டும்தான் தெரியும். இழுப்பு காலைப் பிடுங்கியது. முருகா, முருகா என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, மகள் தள்ளிய வேகத்தில் யோகமலர் மறுகரையில் கையூன்றி ஏறினாள். அங்கே மணல் சற்று உயரம், தண்ணீர் முழங்காலுக்குக் கீழ்தான்.

திரும்பிப் பார்த்தபோது நித்தியானந்தன் காத்திருக்காமல் தானாக ஓடையில் இறங்கியிருந்தார். மூன்று அடி வைத்தார். முழங்கால் மடிந்தது. தலை தண்ணீருக்குள் போனது.

"அப்பா!"

எழுந்துவிட்டார். இருமி, தடுமாறி, பின்பக்கமாகவே ஊர்ந்து போய்க் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடி போய்விட்டது. தண்ணீர் அவருடைய இடுப்புக்கு நின்றது. அவருக்குப் பின்னால் தீவு வரைக்கும் மணலே இல்லை, கடல்தான் இருந்தது.

சாரங்கி அவசர உதவிக்குப் போன் அடித்தாள். பற்கள் அடித்துக்கொண்டதில் டேனிஷ் துண்டு துண்டாக விழுந்தது. மறுமுனையில் ஒரு பெண் நிதானமாகப் பேசினாள். படகு புறப்படுகிறது, இருபது நிமிடமாவது ஆகும், நீங்கள் இருவரும் கரையை நோக்கி நடவுங்கள், எந்தக் காரணத்துக்கும் திரும்பி ஓடைக்குள் இறங்காதீர்கள் என்றாள். முதியோர் இல்லத்தில் தினமும் டேனிஷில் மாரடிக்கிற யோகமலருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

சாரங்கி போனைத் தாயின் கையில் திணித்தாள். "நான் போறன்."

"எங்கை?"

"அப்பாட்டை. எனக்கு நீந்தத் தெரியும்."

யோகமலர் ஓடையைப் பார்த்தாள். ஒரு பலகைத் துண்டு அதில் மிதந்து வந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் அவர்களைக் கடந்து திறந்த கடலுக்குப் போய்விட்டது. அக்கரையில் நித்தியானந்தனுக்குத் தண்ணீர் வயிற்றைத் தாண்டிவிட்டது. அவர் கம்பத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு மறுகையை வீசினார். வாய் அகலத் திறந்து திறந்து மூடியது. அவர் கத்துகிறார். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததில் ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை.

வா என்கிறாரா, போ என்கிறாரா?

சாரங்கி ஓடைக்குள் காலை வைத்துவிட்டாள். யோகமலர் போனைத் தண்ணீரில் நழுவவிட்டுப் பாய்ந்து அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். நினைவு தப்பிய நோயாளி கட்டிலிலிருந்து குதிக்கப் பார்க்கும்போது பிடிக்கிற பிடி அது, பதினெட்டு வருடம் பழகிய பிடி.

"விடுங்கோ!"

"விடமாட்டன்."

"அப்பா சாகப் போறார் அம்மா! விடுங்கோ!"

"விடமாட்டன்."

சாரங்கி உதறினாள், இழுத்தாள், தாயின் கைகளைப் பிராண்டினாள். டேனிஷில் திட்டினாள், பெற்ற தாயைச் சொல்லக்கூடாத சொல்லெல்லாம் சொன்னாள். கடைசியில், "உங்கடை ராகுகாலத்தாலைதான்!" என்று தமிழில் கத்தினாள். யோகமலருக்கு அது கேட்டது. அது உண்மை என்றும் தெரிந்தது. ஆனால் அப்போது அவளுக்கு வெட்கமில்லை, துக்கமில்லை, கடவுளுமில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. அதுவும் இதுவரை அவளுக்குத் தெரிந்த பயமல்ல. இருபத்தொன்பது வருடம் கூட வாழ்ந்த மனுசன் கண்முன்னே நெஞ்சளவு தண்ணீரில் நிற்கிறார், அவரிடம் போகக்கூடிய ஒரே ஆளை அவள் பிடித்து வைத்திருக்கிறாள். பிடித்து வைத்திருப்பதை அவர் பார்த்துக்கொண்டும் இருக்கிறார். அவள் தலையைக் குனியவில்லை. குனிந்தால் பிடி தளர்ந்துவிடும் என்று பயந்தாள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தண்ணீர் அவர்களுடைய இடுப்புக்கும் வந்துவிட்டது. அக்கரையில் கம்பமும் ஒரு தலையும்தான் தெரிந்தன. ஒரு கட்டத்தில் அந்தத் தலை அசையவில்லை. கையும் வீசவில்லை. சாரங்கி இழுப்பதை நிறுத்திவிட்டு, அப்பா, அப்பா, அப்பா என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

செம்மஞ்சள் இரப்பர் படகு வந்தபோது ரெண்டு ஐம்பது. முதலில் அவரிடம்தான் போனது. இரண்டு பேர் குனிந்து, கம்பத்திலிருந்து அவருடைய கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் தூக்கிப் போட்டார்கள். அவருடைய கால் ஒன்று அசைந்ததைக் கண்ட பிறகுதான் யோகமலர் மகளின் மணிக்கட்டை விட்டாள்.

கரையில் அம்புலன்ஸ்காரர்கள் நித்தியானந்தனைச் சோதித்தார்கள். நல்ல குளிர் ஏறியிருக்கிறது, ஆனால் உயிருக்கு ஒன்றுமில்லை, காலை மட்டும் நாளைக்குக் காட்டுங்கள் என்றார்கள். உலர்ந்த உடுப்பும் தடித்த போர்வைகளும் கொடுத்து, கார் வெப்பமூட்டியைப் போட்டுப் பின் இருக்கையில் யோகமலரோடு இருத்தினார்கள். சாரங்கி வெளியே நின்று மீட்புக்காரருக்குப் பெயர், முகவரி எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

யோகமலர் கணவரின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள். முன் இருக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "எல்லாம் என்னாலைதான்."

"ஓம்," என்றார் நித்தியானந்தன். "உன்னாலைதான்."

ஒரு வார்த்தை ஆறுதலாகச் சேர்க்கவில்லை. உங்கடை விருப்பம் என்றும் சொல்லவில்லை.  கேட்காமல் இருந்தால் அதுவே உயிரைத் தின்றுவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"இஞ்சாருங்கோ, அங்கை நிண்டு என்னத்தைக் கத்தினனீங்கள்? காத்துக்கு ஒண்டும் கேக்கேல்லை."

அவர் திரும்பினார். "கேக்கேல்லையோ?"

"இல்லை."

"பிள்ளைக்கும் கேக்கேல்லையோ?"

"ஒருத்தருக்கும் கேக்கேல்லை."

அவர் நெடுமூச்சு விட்டார். பேசத் தொடங்கியபோது குரல் அவருடையதாகவே இல்லை. "வா எண்டுதான் கூப்பிட்டனான். சாரங்கி, அப்பாட்டை வா, அப்பாவைக் காப்பாத்து எண்டு. அந்தப் பயத்திலை எனக்கு அவள் மகளாத் தெரியேல்லை, யோகம். நீந்தத் தெரிஞ்ச ஒரு ஆளாத்தான் தெரிஞ்சுது. நீ அவளைப் பிடிச்சு வைச்சிருந்ததைக் கண்டன். கண்டுபோட்டு உன்னைத் தூசணத்தாலை திட்டினனான்."

 இருபத்தொன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தைகூட யோகமலர் கேட்டதில்லை.

"அவள் இறங்கியிருந்தால்..." என்று தொடங்கி அவர் நிறுத்திக்கொண்டார். "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதை."

முன்கதவு திறந்தது. சாரங்கி ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். காரை எடுக்கவில்லை. அவளுடைய வலது மணிக்கட்டில் யோகமலருடைய விரல்கள் எல்லாம் நீலமாகப் பதிந்திருந்தன.

"அம்மா," என்றாள், திரும்பாமலே. "அப்பா அங்கை நிண்டு என்ன சொன்னவர்? என்னைக் கூப்பிட்டவரோ? நான் போயிருக்க வேணுமோ?"

நித்தியானந்தன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்லை," என்றாள் யோகமலர். "வராதை எண்டு சொன்னவர். பிள்ளையை விடாதை, இறுக்கிப் பிடி எண்டு என்னைப் பாத்துத்தான் கத்தினவர். நீ உதறின உதறலிலை உனக்குக் கேக்கேல்லை. எனக்குக் கேட்டது."

சாரங்கி ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஓவென்று அழுதாள். போர்வைக்குள் நித்தியானந்தனின் கை மனைவியின் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது.